மேட்டூர் வறண்டால் கடலூருக்கு மின்வெட்டு வருமா?

கடலூர் முதுநகரில் ஐஸ் கம்பெனி நடத்தும் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: நெய்வேலி நம் மாவட்டத்திலேயே இருக்கிறது, பரங்கிப்பேட்டைப் பக்கம் இன்னொரு பெரிய அனல்மின் நிலையம் இருக்கிறது, பேர் சொல்லும்படி நீர்மின் நிலையம் ஒன்றுகூட மாவட்டத்தில் கிடையாது, அப்படியிருக்க மேட்டூர் வறண்டுவிட்டது, நீலகிரியில் மழை இல்லை என்றால் நமக்கு ஏன் மின்சாரத் தட்டுப்பாடு வர வேண்டும்? அடுத்த வருடத்துக்குப் பெரிய ஜெனரேட்டர் ஒன்று வாங்கி வைப்பதா, வேண்டாமா?

ஜெனரேட்டர் விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன். முதல் பாதிக்குச் சுருக்கமான பதில்: பாதிப்பு உண்டு, ஆனால் பலரும் நினைக்கிற வழியில் அது வருவதில்லை. அணைகள் வறள்வதால் குறையும் யூனிட்டுகள், தமிழ்நாட்டின் மொத்தக் கணக்கில் சிறிய தொகைதான். அது வலிக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று, மாலை விளக்கு வைத்த பிறகான நான்கு மணி நேரம். மற்றொன்று, அதே வறட்சியால் கூடுதலாக ஓடத் தொடங்கும் போர்வெல் மோட்டார்கள். இந்த இரண்டாவது விஷயம் கடலூர் மாவட்டத்துக்குள்ளேயே நடப்பது என்பதால், அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் தண்ணீர்க் கணக்கு. ஒரு யூனிட் மின்சாரம் எடுக்க, ஆயிரம் லிட்டர் தண்ணீரை ஏறத்தாழ 400 மீட்டர் உயரத்திலிருந்து இறக்க வேண்டும். டர்பைனிலும் ஜெனரேட்டரிலும் பத்து சதவீதம் இழப்பு என்று வைத்துக்கொண்டு சொல்லும் கணக்கு இது. உயரம் பாதியானால் தண்ணீர் இரு மடங்கு வேண்டும். மேட்டூர் அணையின் முழு உயரமான 120 அடியையே வீழ்ச்சி உயரமாகக் கொண்டால், அது 36 மீட்டர் சொச்சம்; ஒரு யூனிட்டுக்கு 11,000 லிட்டர் செலவாகும். நீர்மட்டம் 60 அடிக்கு இறங்கிவிட்டால் அதே யூனிட்டுக்கு 22,000 லிட்டர். அதாவது அணையில் தண்ணீர் குறையும்போது, இருக்கிற தண்ணீரின் மின் மதிப்பும் சேர்ந்தே குறைகிறது. மழை பாதியானால் மின்சாரமும் பாதிதான் ஆகும் என்ற எண்ணம் இங்கே பொருந்தாது. பாதிக்கும் கீழே போகும்.

நீலகிரியில் நிலைமை வேறு. பைக்காரா இறுதிநிலை மின் நிலையத்தில் தண்ணீர் ஆயிரம் மீட்டருக்கு மேல் விழுகிறது. அங்கே ஒரு யூனிட்டுக்கு 400 லிட்டர் போதும். ஒரு டி.எம்.சி. என்பது 2,830 கோடி லிட்டர். அதை முழுமட்டத்தில் நிற்கும் மேட்டூரிலிருந்து திறந்தால் 25 லட்சம் யூனிட் கிடைக்கும். பைக்காராவில் இறக்கினால் 7 கோடி யூனிட். குந்தா திட்டத்திலும் இப்படித்தான்: மேல்பவானி, அவலாஞ்சி, எமரால்டு பகுதிகளில் தேங்கும் அதே தண்ணீர் கெத்தை, பரளி, பில்லூர் என்று ஒவ்வொரு மின் நிலையமாக இறங்கி, ஒவ்வொரு படியிலும் மின்சாரம் கொடுத்துவிட்டுப் பவானிசாகருக்குப் போய்ச் சேர்கிறது. ஆகவே மின்சாரத்தைப் பொறுத்தவரை, செய்தித்தாளில் தினமும் வரும் மேட்டூர் நீர்மட்டத்தைவிட, யாரும் கவனிக்காத மேல்பவானியின் நீர்மட்டம் முக்கியமானது.

மேட்டூரின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. அத்தனையும் முழு உயரத்திலிருந்தே விழுவதாகத் தாராளமாகக் கணக்குப் போட்டாலும், அணை மின் நிலையத்திலும் சுரங்க மின் நிலையத்திலுமாகச் சேர்த்து 24 கோடி யூனிட்டைத் தாண்டாது. தமிழ்நாடு ஒரு கோடை நாளில் 40 கோடி யூனிட்டுக்கு மேல் செலவழிக்கிறது. கீழே செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, ஊராட்சிக்கோட்டை போன்ற கதவணைகளில் அதே தண்ணீரில் இன்னும் கொஞ்சம் எடுக்கிறார்கள் என்பதைச் சேர்த்துக்கொண்டாலும் அளவு பெரிதாக மாறிவிடாது. போதாததற்கு, மேட்டூரில் மின்சாரத்துக்காகத் தண்ணீர் திறப்பதில்லை. ஜூன் 12 முதல் ஜனவரி 28 வரை பாசனத்துக்குத் திறக்கிறார்கள். போகிற தண்ணீர் டர்பைன் வழியாகப் போகிறது, அவ்வளவுதான். ஆகவே, மேட்டூர் வறண்டதால் மின்வெட்டு என்று யாராவது ஒற்றை வரியில் சொன்னால், கணக்கு அதற்கு ஒத்துவராது.

பிறகு எதற்கு இந்தக் கவலை என்றால், நேரம்தான் காரணம். தமிழ்நாட்டின் நீர்மின் நிறுவுதிறன் சுமார் 2,321 மெகாவாட். 2024 மே 2 அன்று பதிவான மாநில உச்சத் தேவை 20,830 மெகாவாட். யூனிட் கணக்கில் சிறுபங்கு தரும் நீர்மின்சாரம், திறன் கணக்கில் உச்சத் தேவையின் ஒன்பதில் ஒரு பங்கு. இந்தப் பங்கின் சிறப்பு, நினைத்த நேரத்தில் கிடைப்பது. நிலக்கரி நிலையம் ஒன்றை முழுதாக நிறுத்திவிட்டு மறுபடி எழுப்ப மணிக்கணக்கில் ஆகும். பில்லூரிலோ சிங்காராவிலோ வால்வைத் திறந்து சில நிமிடங்களில் சுமையேற்றிவிடலாம். 2020 ஏப்ரல் 5 இரவு 9 மணிக்கு நாடு முழுவதும் ஒன்பது நிமிடம் விளக்குகளை அணைத்தார்களே, அன்று ஏறத்தாழ 31,000 மெகாவாட் சுமை சட்டென்று இறங்கி, பிறகு சட்டென்று ஏறியது. கிரிட், அதாவது நாட்டின் மின்தொகுப்பு, விழாமல் காத்ததில் பாதிக்கு மேற்பட்ட பங்கு நீர்மின் நிலையங்களுடையது. வீட்டில் இருக்கும் நகையைப் போல, நீர்மின்சாரம் அன்றாடச் செலவுக்கானது அல்ல. தட்டுப்பாடான நேரத்தில் எடுத்து வைத்துச் சமாளிப்பதற்கானது.

முன்பெல்லாம் அந்தத் தட்டுப்பாட்டு நேரம் என்பது மாலை 6 முதல் 10 வரை வீடுகளில் விளக்கும் மின்விசிறியும் ஓடும் நேரம் என்ற அளவில் இருந்தது. இப்போது சூரிய மின்சாரம் வந்த பிறகு அந்த நேரத்தின் இறுக்கம் கூடியிருக்கிறது. பகலில் ஆயிரக்கணக்கான மெகாவாட் தரும் சோலார், ஐந்தரை மணிக்கு மேல் ஒரேயடியாக விழுகிறது. அதே வேளையில் வீட்டுத் தேவை ஏறுகிறது. இந்த இரண்டுக்கும் இடையிலான பள்ளத்தை உடனடியாக நிரப்பக்கூடியது நீர்மின்சாரம். மேல்பவானியில் தண்ணீர் இருந்தால் மாலையில் குந்தாவின் எல்லா எந்திரங்களும் ஓடும். இல்லையென்றால், கொஞ்ச நஞ்சம் இருப்பதைக் கோடை முடியும்வரை இழுத்துக்கொண்டு போக வேண்டும் என்பதால், நாளுக்கு ஒரு மணி நேரம் இரண்டு மணி நேரம் என்று அளந்து ஓட்டுவார்கள். மெகாவாட் திறன் காகிதத்தில் அப்படியே இருக்கும், பின்னால் தண்ணீர் இருக்காது.

இங்கே கடலூர்க்காரர்கள் பலர் ஏமாறும் ஓர் இடம் உண்டு. நமக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை, வடகிழக்குப் பருவமழை. நீலகிரியின் மேற்குச் சரிவையும் குடகையும் நிரப்புவது ஆனி, ஆடியில் பெய்யும் தென்மேற்குப் பருவமழை. 2015ஆம் ஆண்டு நவம்பரில் கடலூர் மாவட்டம் வெள்ளத்தில் மிதந்தது. ஆனால் அந்த ஆண்டின் தென்மேற்குப் பருவமழை நாடு முழுவதும் 14 சதவீதம் குறைவு. நம் வீட்டு வாசலில் நிற்கும் தண்ணீரை வைத்து மின்சார நிலவரத்தைக் கணிக்க முடியாது. நம் ஊரில் கடலில் கலக்கும் தென்பெண்ணையில் மேலே சாத்தனூர் அணையில் ஒரு மின் நிலையம் இருக்கிறது என்பது உண்மைதான்; அதன் திறன் 7.5 மெகாவாட். ஒரு துணைமின் நிலையத்தின் சுமைக்கே அது போதாது.

இனி வயலுக்கு வருவோம். மேட்டூரில் திறக்கும் தண்ணீர் கல்லணை, கொள்ளிடம் வழியாக அணைக்கரையில் உள்ள கீழணைக்கு வந்து, அங்கிருந்து வடவாற்றில் பிரிந்து வீராணம் ஏரிக்கும், வடக்கு ராஜன் வாய்க்கால் போன்றவற்றில் காட்டுமன்னார்கோயில், சிதம்பரம் பக்கத்து வயல்களுக்கும் போகிறது. காவிரிப் பாசனத்தின் கடைமடை அது. அந்தத் தண்ணீர் மேட்டூரிலிருந்து வயல்வரை தானாக ஓடி வருகிறது. ஒரு யூனிட் மின்சாரம் செலவில்லை. சொல்லப்போனால், புறப்படும்போதே ஒவ்வொரு 11,000 லிட்டருக்கும் ஒரு யூனிட் கொடுத்துவிட்டுத்தான் புறப்படுகிறது.

தண்ணீர் வரவில்லை என்றால் என்ன நடக்கிறது? அதே 11,000 லிட்டரை 200 அடி ஆழத்திலிருந்து நீர்மூழ்கி மோட்டாரில் தூக்க வேண்டும். கிராமத்து மின்னழுத்தத்தையும் வயதான மோட்டார்களையும் கணக்கில் கொண்டு மொத்தச் செயல்திறன் 40 சதவீதம் என்று வைத்தால், ஒரு யூனிட் அங்கே 2,400 லிட்டர்தான் தூக்கும். ஆகவே 11,000 லிட்டருக்கு நாலரை யூனிட். அணையில் கிடைக்க வேண்டிய ஒரு யூனிட் கிடைக்காமல் போனது ஒரு நஷ்டம். வயலில் புதிதாக நாலரை யூனிட் செலவானது இன்னொரு நஷ்டம். வழியில் ஆற்று மணலும் வாய்க்காலும் குடிக்கும் தண்ணீரைக் கழித்துவிட்டுத்தான் இந்த ஒப்பீட்டைப் பார்க்க வேண்டும் என்றாலும், எந்தப் பக்கம் பெரியது என்பதில் சந்தேகமில்லை. ஒரு ஏக்கர் நெல்லுக்கு விதைப்பிலிருந்து அறுவடைவரை 48 லட்சம் லிட்டர் அளவுக்குத் தண்ணீர் வேண்டும். அதை முழுவதும் 200 அடியிலிருந்து தூக்கினால் 2,000 யூனிட். வீட்டில் இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் ஓட்டும் ஒரு குடும்பம் ஓராண்டில் செலவழிப்பதைவிட இது அதிகம்.

வறட்சி நீடிக்க நீடிக்க நிலத்தடி நீர்மட்டமும் இறங்குகிறது. 100 அடியில் கிடைத்த தண்ணீர் 200 அடிக்குப் போனால், ஒரே அளவு தண்ணீருக்கு மின்சாரம் இரட்டிப்பாகும். அணையில் உயரம் குறைந்து ஒரு யூனிட்டுக்குத் தேவைப்படும் தண்ணீர் கூடுகிறது. போர்வெல்லில் ஆழம் கூடி ஒரு யூனிட் தூக்கும் தண்ணீர் குறைகிறது. ஒரே விதி, இரண்டு முனைகளிலும் நமக்கு எதிராக வேலை செய்கிறது. விருத்தாசலம், பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி வட்டாரங்களில் நெல்லும் கரும்பும் முந்திரிக் கன்றும் பெருமளவு மோட்டாரை நம்பியிருப்பவை என்பதால் அங்கே மழை குறைந்தாலே சுமை ஏறிவிடும். கடலோரமாகப் போகப் போக, சிதம்பரத்துக்குக் கிழக்கே நிலத்தடி நீர் உவர்ப்பாகிவிடுகிறது. அங்கே தூக்குவதற்கே வழியில்லாமல் நிலம் தரிசாகக் கிடக்கும். மின்சாரக் கணக்குக்கு அது சௌகரியம், விவசாயிக்குச் சாவு.

விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம் என்பதால் இந்தக் கூடுதல் செலவு விவசாயியின் பில்லில் தெரியாது. மின்வாரியத்தின் கணக்கில் மொத்தமாகப் போய் உட்காரும். மும்முனை மின்சாரத்தை இத்தனை மணி நேரம்தான் என்று முறை வைத்துக் கொடுப்பதன் பின்னணி இதுதான். வறட்சிக் காலத்தில் அந்த முறையைக் குறைப்பதுதான் மின்வாரியத்துக்கு எளிதில் கைக்கு எட்டும் கருவி. பயிர் கருகும் நேரத்தில் மும்முனையைக் குறைப்பது கொடுமையாகத் தெரிந்தாலும், மாலையில் நகரத்து ஃபீடரை, அதாவது துணைமின் நிலையத்திலிருந்து ஊருக்குப் போகும் மின்தடத்தை, வெட்டாமல் இருக்க வேண்டுமானால் எங்கேயாவது ஓரிடத்தில் குறைத்தாக வேண்டும். யாருக்குக் குறைப்பது என்பது பொறியியல் முடிவு அல்ல. அதை வெறும் தொழில்நுட்பச் சிக்கலாகக் காட்டுவது எனக்கு எப்போதும் உடன்பாடில்லாத விஷயம்.

தென்மேற்குப் பருவமழை பலவீனமானால் காற்றும் பெரும்பாலும் பலவீனமாகவே வீசுகிறது. ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காட்டுக் கணவாய்கள் வழியே மே முதல் செப்டம்பர்வரை வரும் காற்றில் ஆயிரக்கணக்கான மெகாவாட் கிடைக்கும் நல்ல ஆண்டுகளில், அந்த மாதங்களில் நீர்மின் நிலையங்களை நிறுத்தி வைத்துத் தண்ணீரைச் சேமிப்பார்கள். காற்று ஏமாற்றினால் சேமிக்க வேண்டிய மாதத்திலேயே தண்ணீரைச் செலவழிக்க நேரும். அனல்மின் நிலையங்களுக்கும் குளிர்விக்கத் தண்ணீர் வேண்டும். கங்கையில் தண்ணீர் குறைந்ததால் 2016 மார்ச்சில் மேற்கு வங்கத்தின் ஃபராக்கா நிலையத்தை நிறுத்த வேண்டி வந்தது. மகாராஷ்டிரத்தின் பர்ளி நிலையம் 2015இல் அதே காரணத்தால் நின்றது. மேட்டூர் அனல்மின் நிலையம் காவிரித் தண்ணீரை நம்பியது. பரங்கிப்பேட்டை நிலையமோ கடல்நீரைப் பயன்படுத்துவது, வறட்சி அதைத் தொடாது.

நெய்வேலியின் கதை இன்னும் விசித்திரமானது. பழுப்பு நிலக்கரிப் படுகைக்குக் கீழே பெரும் அழுத்தத்தில் நிலத்தடி நீர் இருப்பதால், சுரங்கம் தோண்ட வேண்டுமானால் இரவு பகலாகத் தண்ணீரை வெளியே இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்தத் தண்ணீரே மின் நிலையங்களுக்கும் உதவுகிறது. மழை பொய்த்தால் நெய்வேலிக்குப் பெரிய கேடில்லை. ஐப்பசியில் கொட்டித் தீர்த்துச் சுரங்கத்துக்குள் சேறும் சகதியும் ஆகும்போதுதான் அங்கே தலைவலி.

அப்படியானால் நெய்வேலி நம்மைக் காப்பாற்றாதா என்ற உங்கள் கேள்விக்கு நேரடியான பதில் இதோ. 1962இல் ஓடத் தொடங்கிய 600 மெகாவாட் முதல் அனல்மின் நிலையம் 2020இல் மூடப்பட்டுவிட்டது. இப்போது அங்கிருக்கும் இரண்டாம் நிலையம், விரிவாக்கங்கள், புதிய நிலையம் எல்லாம் சேர்த்து 3,390 மெகாவாட். அது மத்திய அரசு நிறுவனத்தின் மின்சாரம். தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா, புதுச்சேரி என்று பங்கு பிரித்திருக்கிறார்கள். கம்பியில் ஓடும் மின்சாரம் பக்கத்தில் இருக்கும் சுமைக்குத்தான் முதலில் போகும் என்பது இயற்பியலில் சரி. ஆனால் பற்றாக்குறை வரும்போது யார் எவ்வளவு எடுக்கலாம் என்பது பங்குக் கணக்கின்படி நடக்கும். சென்னையில் உள்ள மாநிலச் சுமைப் பகிர்வு மையம் இத்தனை மெகாவாட் இறக்கு என்று சொன்னால், நெய்வேலி புகைபோக்கி தெரிகிற ஊரின் ஃபீடரும் அந்தப் பட்டியலில் இருக்கலாம்.

மண்டலம் முழுவதும் ஒரே சமயத்தில் வறள்வதுதான் இதில் மோசமான பகுதி. கேரளத்துக்கு 780 மெகாவாட் இடுக்கி, கர்நாடகத்துக்கு 1,035 மெகாவாட் சராவதி. இவை அந்தந்த மாநிலங்களின் மாலை நேரத்தைத் தாங்குபவை. தென்மேற்குப் பருவமழை பொய்த்தால் மூன்று மாநிலங்களும் ஒரே மாலையில் ஒரே சந்தையில் வாங்கக் கிளம்பும். 2023 ஆகஸ்ட், 1901 முதலான பதிவுகளிலேயே இந்தியாவில் மழை மிகக் குறைந்த ஆகஸ்ட். அந்த அக்டோபரில் கர்நாடகம், மாநிலத்திலுள்ள மின் உற்பத்தியாளர்கள் தங்கள் மின்சாரத்தை மாநிலத்துக்கே தர வேண்டும் என்று மின்சாரச் சட்டத்தின் 11ஆம் பிரிவின் கீழ் உத்தரவு போட்டது. அதே அக்டோபரில் மேட்டூர் 30 அடி அளவுக்கு இறங்கி மூடப்பட்டது. அடுத்த ஆண்டு ஜூன் 12 தவறி, ஜூலை 28 அன்றுதான் திறந்தார்கள்.

இத்தனையும் இருந்தும், வறட்சி வந்தால் மின்வெட்டு வந்தே தீரும் என்று நான் சொல்லமாட்டேன். அதற்கு இரண்டு ஆண்டுகளை ஒப்பிட்டால் போதும். 2012இல் காவிரியில் தண்ணீர் வரவில்லை, மேட்டூர் செப்டம்பர் 17 அன்றுதான் திறந்தது. கடலூர் உட்பட மாவட்டங்கள் நாளில் பாதி நேரம் இருட்டில் கிடந்தன. தானே புயல் மின்கம்பங்களைச் சாய்த்துப்போட்டு ஓராண்டுகூட ஆகாத நேரம் அது. 2016இல் நிலைமை அதைவிட மோசம்: வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்து, 2017 ஜனவரி 10 அன்று மாநிலம் முழுவதையும் வறட்சி பாதித்ததாக அரசு அறிவித்தது. ஆனால் 2012இன் மின்வெட்டு திரும்பி வரவில்லை.

இடையில் மாறியது மழை அல்ல. 2012இல் தென்னிந்திய மின்தொகுப்பு நாட்டின் மற்றப் பகுதிகளோடு முழுமையாக இணையாமல் தனித்து நின்றது. வடக்கே உபரி இருந்தாலும் ஒரு வரம்புக்கு மேல் இங்கே கொண்டுவர வழியில்லை. அந்தத் தனிமையால்தான் 2012 ஜூலையில் வட இந்தியா முழுவதும் இருண்டபோது நாம் தப்பினோம் என்பது வேறு விஷயம். 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் தடம் இணைந்தது. வல்லூர், வடசென்னை விரிவாக்கம், மேட்டூரின் 600 மெகாவாட் அனல்மின் அலகு, கூடங்குளம் அணுமின் நிலையம் எல்லாம் 2016க்குள் ஓடத் தொடங்கின. பின்னர் ராய்கர்–புகளூர் உயரழுத்த நேர்மின் தடம் 6,000 மெகாவாட்டுக்கு வழி திறந்தது. 2012இன் இருட்டுக்கு வறட்சியை மட்டும் காரணம் சொன்னவர்கள், கட்டி முடிக்காத நிலையங்களையும் போடாத கம்பியையும் மறைத்தார்கள் என்பதே என் கணிப்பு.

ஆகவே இன்றைக்கு வறட்சி நம்மை வந்தடைவது பெரும்பாலும் விலையாகத்தான். மின் சந்தையில் ஒரு யூனிட்டின் உச்சவரம்பு 10 ரூபாய். நெருக்கடியான மாலைகளில் விலை அந்த வரம்பில் போய் முட்டி நிற்கும். சொந்த அணையில் செலவே இல்லாமல் கிடைத்திருக்க வேண்டிய யூனிட்டை அந்த விலைக்கு வாங்குகிறார்கள். புதுச்சேரியில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். அங்கே நீர்மின்சாரம் அறவே கிடையாது, காரைக்காலில் 32.5 மெகாவாட் எரிவாயு நிலையம் ஒன்று, மற்றதெல்லாம் நெய்வேலி முதலான மத்திய நிலையங்களின் பங்காக வில்லியனூர், பாகூர் துணைமின் நிலையங்களுக்கு வருவது. அணையே இல்லாத ஊருக்கு அணை வறண்டால் என்ன என்று கேட்கலாம். பங்குக்கு மேல் எடுத்தால் சந்தை விலையும் அபராதமும் சேர்ந்துகொள்ளும். வாங்கிய விலை ஏறினால் அது கூடுதல் கட்டணமாக நுகர்வோர் பில்லில் பின்னர் ஏறிவிடும். மின்வெட்டுக்குப் பதில் பில்.

கடம்பாறை போன்ற நீரேற்று நிலையங்கள் இதற்கு ஓரளவு மாற்று. 1987இல் ஓடத் தொடங்கிய 400 மெகாவாட் நிலையம் அது. மலிவான மின்சாரம் கிடைக்கும் நேரத்தில் கீழ் அணைத் தண்ணீரை மேலே ஏற்றி, மாலையில் அதையே இறக்குகிறது. ஒரே தண்ணீர் மேலும் கீழும் போவதால் மழை குறைந்தாலும் ஓட்டலாம். குந்தாவில் 500 மெகாவாட்டுக்கு இதே வகை நிலையம் கட்டுகிறார்கள்.

இப்போது உங்கள் ஜெனரேட்டர். 2008 இறுதியில் தொடங்கிப் பல ஆண்டுகள் நீடித்த மின் கட்டுப்பாட்டில் எச்.டி. எனப்படும் உயரழுத்த இணைப்புகளுக்கு 40 சதவீதம்வரை வெட்டு இருந்தது; மாலை 6 முதல் 10 வரை மட்டும் 90 சதவீத வெட்டு. அந்த நான்கு மணி நேரம்தான் உங்களுடைய அபாய நேரம், இனி எப்போது நெருக்கடி வந்தாலும் அப்படியேதான் இருக்கும். ஐஸ் தொழிலுக்கு இதில் ஓர் அனுகூலம் உண்டு. உப்புநீர்த் தொட்டிக்குச் சரியான காப்பு இருந்தால், கம்ப்ரசரை நான்கு மணி நேரம் நிறுத்தினாலும் கேன்களில் உறைந்துகொண்டிருக்கும் ஐஸ் பார் கெடாது. கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவே. இரவு 10 முதல் காலை 5 வரை எச்.டி. கட்டணத்தில் 5 சதவீதத் தள்ளுபடி, உச்சநேரத்தில் 25 சதவீதம் கூடுதல் என்பதால், சாதாரண நாளிலேயே இப்படி ஓட்டுவது லாபம்.

மாதக் கணக்கையும் பாருங்கள். மின்தேவை உச்சத்தைத் தொடும் ஏப்ரல், மே மாதங்களில் உங்களுக்கு வேலை குறைவு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கரையில் நிற்கும், ஃபைபர் படகுகளுக்கு மட்டும் ஐஸ் போனால் போதும். நீங்கள் கவனிக்க வேண்டியவை ஜூலை முதல் அக்டோபர்வரையும், பிப்ரவரி முதல் ஏப்ரல் பாதிவரையும். முதல் காலத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் காற்றும் ஆடி மாதத்தில் எப்படி இருக்கின்றன என்று பார்த்தால் தெரிந்துவிடும். இரண்டாவதற்கு டிசம்பர் இறுதியில் நீலகிரி அணைகளின் இருப்பைப் பாருங்கள். மேட்டூரைப் பார்த்துப் பயனில்லை. முழு ஆலைக்கும் ஜெனரேட்டர் வைத்தால் ஒரு லிட்டர் டீசலுக்கு மூன்று, மூன்றரை யூனிட்தான் வரும். அந்த விலையில் ஐஸ் பார் விற்றுக் கட்டுப்படியாகாது. உப்புநீரைக் கலக்கும் மோட்டாருக்கும் கிரேனுக்கும் விளக்குக்கும் தாங்குகிற சிறிய ஜெனரேட்டர் ஒன்று போதும். மீதிப் பணத்தைத் தொட்டியின் காப்புக்குச் செலவழியுங்கள்.